சுவர் உலரும் நாட்களில் பயணம் போய் வாருங்கள்

வாசகி கேள்வி:

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பாடசாலை செல்லும் இரண்டு மகள்மாருடன் 72 வயதான மாமியும் எங்களோடு இருக்கிறார். மாமியும் மகள்மாரும் பாவிக்கும் அறை 10 அடிக்கு 12 அடி. யன்னல் மேற்கே கடலைப் பார்த்தது. அந்த யன்னலின் கீழே பெயின்ற் கொப்பளித்து உதிர்கிறது. அலுமாரியின் பின்னால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மாமிக்குத் தொய்வு நோயும் உண்டு. ஆகஸ்ட் விடுமுறையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பத்து நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். கோணேசர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது மாமியின் நெடுநாள் ஆசை. புறப்படும்போது வீட்டுத் திறப்பைப் பெயின்ற் அடிப்பவரிடம் கொடுத்துவிட்டால், திரும்பி வரும்போது புதிய அறையைக் காட்டி மாமியை மகிழ்விக்கலாம் என்று நினைக்கிறேன். முன்பு பாசிக்குடாவில் தங்கிய ஹோட்டல் அறையைப் போல ஒரு சுவருக்குக் கடும் நீலமும், இன்னொரு சுவருக்கு வோல்பேப்பரும், விளக்குகள் பதித்த சீலிங்கும் போட விருப்பம். கணவரோ, கையில் இருக்கும் பணத்துக்குப் பயணம் அல்லது அறை, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்கிறார். எதை விடுவது?

உள்ளக வடிவமைப்பாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டில் எதையும் நீங்கள் விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் ஒழுங்கை மாற்ற வேண்டும். பெயின்ற் வேலையையும் பயணத்தையும் ஒரே பத்து நாளுக்குள் வைத்திருக்கிறீர்கள். நான் சொல்வது, பழுதான சுவரைப் பயணத்துக்கு முன்னரே திருத்திவிட்டு, திரும்பி வந்த பிறகு பெயின்ற் அடியுங்கள் என்பது. இடையில் புதிய சீமெந்துப் பூச்சு உலர்வதற்குக் கட்டாயமாகக் காத்திருக்க வேண்டிய சில கிழமைகள் இருக்கின்றன. அந்த நாட்களில் அறைக்குள் எவரும் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. தூசிக்கும் ஈரத்துக்கும் நடுவில் மாமியை வைத்திருப்பதும் நல்லதல்ல. நீங்கள் திருகோணமலையில் இருக்க வேண்டிய நாட்கள் அவைதான். உங்கள் கடிதம் ஜூலை முதற் கிழமையில் கிடைத்ததால் இந்த ஒழுங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் நிறத்தைப் பற்றி அதிகமும் சுவரைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெயின்ற் கொப்பளிப்பது பெயின்ற்றின் குற்றம் அன்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே உங்கள் யன்னல் சுவரில் மோதுகிறது. அந்தக் காற்றோடு வரும் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. கூடவே கடலின் உப்பும் வருகிறது. யன்னல் சட்டத்தைச் சுற்றி அடைத்திருக்கும் பசை வெயிலில் வெடித்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்திருக்கும். அவற்றினூடாக உள்ளே போகும் நீர் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு அறைப் பக்கத்துக்கு வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு பெயின்ற்றின் பின்னால் படிகமாகி, அதைத் தள்ளி உதிர்க்கிறது. உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் வெள்ளை மாவைப் போல ஒட்டுவது அந்த உப்புத்தான். அதற்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ற்றை அடித்தாலும், அடுத்த பருவக்காற்று முடிவதற்குள் அதே இடத்தில் அதே கொப்பளம் எழும்.

அலுமாரியின் பின்னாலுள்ள பூஞ்சணம் வேறொரு காரணத்தாலும் வரலாம் என்பதால், இந்தக் கிழமையே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை, கொப்பளித்த இடத்துக்கு அருகில் ஒன்றும் அலுமாரியின் பின்சுவரில் ஒன்றுமாக, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கத்தில் கோத்திருந்தால் அறையின் காற்றிலிருந்து படிகிறது. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் 80 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அப்படிப்பட்ட ஊரில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதன் பின்னால் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மருந்து பெயின்ற் அன்று; அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் முன்னே இழுத்து வைப்பதுதான். அதற்குச் செலவு எதுவும் இல்லை. மாமியின் மூச்சுக்கு இந்த அறையில் நீங்கள் செய்யும் வேறெந்த அலங்காரத்தையும் விட இது பயன்தரும்.

திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் யோசனையை நான் ஏன் இவ்வளவு உறுதியாக மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இந்தத் தொழிலில் நான் ஓரளவு தேறிவிட்ட பிறகே, கிருலப்பனையில் எங்கள் சொந்த வீட்டு அறையை அப்படித்தான் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு நிலாவெளிக்குப் போனேன். மேற்பார்க்க யாரும் இல்லாத வீட்டில் அவர் ஈரச் சுவரின் மேலேயே பட்டி வைத்து, ஒரே நாளில் இரண்டு பூச்சு முடித்து, மழைக்குப் பயந்து யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டுப் போய்விட்டார். முதல் வாளி தீர்ந்ததும் வாங்கிய இரண்டாவது வாளியின் நிறம் சற்றே வேறுபட்டிருந்தது. சுவரின் நடுவில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஏழு நாள் அடைத்துக் கிடந்த ஈரத்தில் அலுமாரிக்குள் இருந்த என் தாயாரின் பட்டுச் சேலைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. சுவரை மறுபடியும் பூசினோம். சேலைகளில் இரண்டை மீட்க முடியவில்லை. அந்த மனிதரைவிட என்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது, ஏனெனில் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் பட்டி வைப்பதற்கு முன்னரே நான் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

ஆகவே பயணத்துக்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொடர்மாடிகளில் வெளிச்சுவர் உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதால், வெடிப்பைப் பற்றிக் கட்டட முகாமைத்துவக் குழுவுக்கு இன்றே எழுத்தில் அறிவியுங்கள், படங்களையும் இணையுங்கள். வெளிப்பக்க வெடிப்பையும் யன்னல் சட்டத்தின் ஓரத்தையும் அடைக்காமல் உட்சுவரைப் பூசுவது வீண். உள்ளே நீர்புகாப் பூச்சு அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வெளியிலிருந்து நீர் வந்துகொண்டிருக்கும்போது உள்ளே அதைத் தடுத்தால், அது பக்கத்தில் வேறொரு இடத்தைத் தேடி வெளிவரும். வெளிவேலை முடிந்ததும், உள்ளே ஈரம் தெரியும் எல்லையிலிருந்து மேலும் ஓர் அடி தள்ளி, பழைய பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். உப்பேறிய பூச்சில் ஒரு துண்டை மிச்சம் விட்டாலும் அது மறுபடி ஈரத்தை இழுக்கும். புதிய பூச்சுக்கு ஆற்று மணலை, அல்லது நன்றாகக் கழுவிய மணலைத்தான் பாவிக்க வேண்டும் என்று மேசனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொத்தும் நாட்களில் மாமி உங்கள் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. முடியாவிட்டால் அறைக் கதவின் கீழ் ஈரத்துணியைச் செருகி, சுவரை நனைத்துக் கொத்தச் சொல்லுங்கள். யன்னல் சட்டங்களில் இருக்கும் பழைய எனாமல் பெயின்ற்றைக் காய்ந்தபடி தேய்க்க எவரையும் விடாதீர்கள். பழைய பெயின்ற்றுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசி பிள்ளைகளுக்கு மிகக் கேடானது. நீர் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, சேற்றைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த மற்றச் சுவர்ப் பகுதியை, ஒரு பங்கு குளோரின் வெளிற்றிக்கு மூன்று பங்கு நீர் கலந்து, யன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக் கழுவுங்கள். அதோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வேறு எந்தத் துப்புரவு மருந்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது, ஏனெனில் அதிலிருந்து எழும் வாயு ஆரோக்கியமானவருக்கே ஆபத்தானது.

பூசிய சுவரை முதல் ஏழு நாளும் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். அதற்குப் பிறகு அது தானாக உலர வேண்டும். சீமெந்துப் பூச்சுக்குப் பொதுவாக 28 நாள் என்று கணக்கு வைப்போம். கடற்பக்க அறையில் அதைவிடச் சில நாள் கூடலாம். ஜூலை நடுப்பகுதியில் பூசினால் கடைசிக் கிழமையில் நனைப்பு முடிந்துவிடும். ஆகஸ்ட் இரண்டாம் கிழமையில் நீங்கள் புறப்பட்டு இருபதாம் திகதியளவில் திரும்பலாம். மாத இறுதியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ பெயின்ற் அடிக்கலாம். கொழும்பில் ஆகஸ்ட் மாத மழை மே மாத மழையைவிடக் குறைவு. ஒக்டோபர், நவம்பரில் மழை மறுபடியும் பலக்கும். அதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதே இந்தத் திகதிகளின் காரணம்.

புறப்படும் நாளன்று மறக்கக் கூடாத ஒன்று, சுவர் நனைக்கப் பாவித்த வாளிகளும் மேசன் விட்டுப்போன தகரங்களும் பல்கனியில் கிடப்பது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு தொடக்கம் பத்து நாள் போதும். உங்கள் பயணமும் பத்து நாள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, பூச்சாடித் தட்டுகள், குளிரூட்டியின் நீர் விழும் பாத்திரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றையும் உலர்த்திவிட்டுப் போங்கள். அலுமாரிக் கதவுகளைச் சற்றுத் திறந்து விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த உடுப்பு எதையும் உள்ளே வைக்க வேண்டாம். நம்பிக்கையான அயலவர் ஒருவர் இருந்தால், மழையில்லாத காலைகளில் இரண்டு மணித்தியாலம் அந்த அறை யன்னலைத் திறந்து வைக்கும்படி கேளுங்கள். திறப்பை ஒருவரிடம் கொடுப்பதற்கு அதைவிட நல்ல காரணம் இல்லை.

இனிப் பயணத்துக்கு வருவோம். நீங்கள் கிழக்கைத் தெரிவு செய்தது மிகவும் சரி. உங்கள் யன்னல் சுவரை நனைக்கும் அதே தென்மேற்குக் காற்று, மலைநாட்டில் தன் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும்போது ஈரமற்ற வெப்பக் காற்றாக மாறுகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்கிறார்கள். ஆகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதும் வானம் வெளித்திருப்பதும் இதனால்தான். ஆனால் கச்சானின் வெக்கை முதியவர்களைச் சோர்த்துவிடும் என்பதால், நாளின் வேலைகளைக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வைத்துக்கொண்டு, நடுப்பகலை நிழலில் கழிக்கத் திட்டமிடுங்கள். மாமியின் மருந்தும் இழுப்பியும் பெரிய பெட்டிக்குள் போகாமல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

பத்து நாளில் ஐந்து ஊர் பார்க்கும் ஆசை வேண்டாம். இரண்டு இடங்களில் மட்டும் தங்குங்கள். திருகோணமலையில் நான்கு அல்லது ஐந்து இரவு தங்கினால், பிரெட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து கோயிலுக்கு ஏறும் அந்த ஏற்றத்தை மாமி அவசரமில்லாமல், நின்று நின்று, ஒரு விடியற்காலையில் ஏறலாம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. மாமிக்கு அந்தப் பதிகம் பாடமாக இருந்தால் கடலைப் பார்த்தபடி பாடி முடிக்க நேரம் கொடுங்கள், வாகனக்காரர் காத்திருக்கிறார் என்று அழைக்காதீர்கள். மகள்மாருக்கு நிலாவெளியும் புறாத்தீவும் போதும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றுக்கொன்று வேறான சூட்டில் இருப்பதைப் பிள்ளைகள் கையை வைத்துக் கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் பிடித்த காட்சி.

அங்கிருந்து மட்டக்களப்புக்குக் கொழும்பு திரும்பிச் சுற்றி வர வேண்டியதில்லை. 2009 இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், வெருகல், வாகரை வழியாகக் கரையோரமாகவே போகலாம். வெருகலில் முருகன் கோயிலில் சற்று இறங்கி இளைப்பாறுங்கள். பாசிக்குடாவில் கடல் வெகுதூரம்வரை ஆழமற்றது. மாமியும் கணுக்காலளவு நீரில் நிற்கலாம்.

அந்தப் பாசிக்குடா அறைக்கு வருகிறேன். மறுபடியும் அப்படியொரு அறையில் தங்கினால், ஒரு தாளை எடுத்து அங்கே என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு சிறு மேசை, ஒரு விளக்கு, ஒரு பெரிய யன்னல் என்று பட்டியல் அத்தோடு முடிந்துவிடும். பிறகு உங்கள் அறையில் இருப்பவற்றை நினைவிலிருந்து எழுதுங்கள். உங்களுக்கு அங்கே நிம்மதியாக இருந்தது நீலச் சுவரால் என்று நான் நம்பவில்லை. சுவரில் ஒன்றும் தொங்காமல், தரையில் ஒன்றும் கிடக்காமல், கண் நேரே யன்னலுக்குப் போனதால்தான் அந்த நிம்மதி. மாமியும் இரண்டு பிள்ளைகளும் பாவிக்கும் வீட்டறையில் அவ்வளவு வெறுமை முடியாது, தேவையும் இல்லை. ஆனால் மூவருக்கும் தேவையில்லாத பழைய சூட்கேஸ்கள், உடைந்த மின்விசிறி, யாரும் தொடாத பயிற்சிக் கொப்பிகள் ஆகியவை வெளியேறினாலே அறை பாதி மாறிவிடும். மேசன் வருவதற்கு எப்படியும் அறையைக் காலி செய்யப்போகிறீர்கள். வெளியே எடுத்தவற்றில் எது மறுபடி உள்ளே போகலாம் என்பதை மாமியையும் கேட்டுத் தீர்மானியுங்கள், ஏனெனில் அவருடைய பழைய தகரப் பெட்டி உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம்.

கடும் நீலத்தை அந்தச் சுவரில் நான் போடமாட்டேன். மேற்கு யன்னல் அறையில் பின்னேர வெயில் மஞ்சளாக விழும்போது நீலம் மங்கி, பச்சை கலந்த சாம்பலாகத் தோன்றும்; இரவில் அறை இருட்டிவிடும்; முதியவரின் கண்ணுக்குக் கட்டில் ஓரமும் கதவு ஓரமும் தெளிவாகத் தெரியாமல் போகும். அதோடு உப்பு மறுபடி சிறிதளவு பூத்தாலும் கடும் நிறத்தில் அது உடனே வெள்ளைத் திட்டாகத் தெரியும். சுவர்கள் நான்கையும் சற்று வெதுவெதுப்பான வெள்ளையாக, பழைய வீடுகளின் சுண்ணாம்பு வெள்ளையைப் போல விடுங்கள். நீலத்தைத் துணியில் கொண்டுவாருங்கள். இது சிக்கனத்துக்காகச் சொல்லும் மாற்று வழி அன்று, இந்த நாட்டின் நல்ல உள்ளக வடிவமைப்பு வளர்ந்த வழியே இதுதான். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் இறுதியில் பெந்தோட்டையில் கட்டிய கடற்கரை ஹோட்டலில், வரவேற்புக் கூடத்தின் கூரையை நிறைத்தது துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவின் பத்திக் துணி, அதாவது மெழுகு பூசிச் சாயமிட்ட துணி. துணி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி கைத்தறியில் கொண்டுவந்த நிறங்களும் வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான் தங்கள் முழு அழகைக் காட்டுகின்றன. பத்திக்கும் கைத்தறியும் கழுவலாம், மாற்றலாம், வெயிலில் மங்கினால் தலையணை உறையாக்கலாம்.

வோல்பேப்பர் வேண்டவே வேண்டாம். கடலோர ஈரத்தில் பசை விடும், பின்னால் பூஞ்சணம் வளரும், அது வளர்வது உங்களுக்குத் தெரியவும் வராது. சீலிங்கும் வேண்டாம், ஒன்பதடி உயர அறையை எட்டடியாக்கி, மின்விசிறியை மாமியின் தலைக்கு அருகே கொண்டுவரும் வேலை அது. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சும் பணம் சுவர் திருத்தத்துக்குப் போய், அதற்கு மேலும் பயணத்துக்கு ஒரு பகுதி இருக்கும் என்று நினைக்கிறேன். பணம் போதாமல் ஒன்றைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால், பெயின்ற்றைத் தள்ளிவையுங்கள். திருத்திய சுவர் பெயின்ற் இல்லாமல் ஜனவரி, பெப்ரவரி வரண்ட நாட்கள்வரை காத்திருக்கும்; 72 வயதில் ஒருவருடைய கோயில் ஆசையை அப்படித் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

துணியை வாங்குவதற்கு உங்கள் பயணத்திலேயே இடம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனைக்கு அருகில் உள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர்போன ஊர். அங்கே சேலைகளும் சாரங்களும் நெய்கிறார்கள். திரைச்சீலைக்கு நான் விரும்புவது சாரத் துணியைத்தான்; தைக்காத சாரம் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமும் 45 அங்குல அகலமும் இருக்கும், வாங்கும்போது அளந்து பாருங்கள். உங்கள் யன்னல் 5 அடி அகலமானால், திரை அழகாக மடிந்து விழ அதன் ஒன்றரை மடங்காவது துணி வேண்டும். அதாவது சாரத்தை நீளவாக்கில் தொங்கவிட்டால் இரண்டு போதும், மூன்றென்றால் நிறைவாக இருக்கும். யன்னலுக்கு மேல் ஆறங்குலம் உயரத்தில் கம்பியைப் பொருத்தினால், 2 மீற்றர் நீளம் யன்னலைத் தாண்டிக் கீழே இறங்கும். தைப்பதற்கு முன் ஒருமுறை குளிர்நீரில் நனைத்து உலர்த்துங்கள். கைத்தறி முதல் நனைப்பில் சுருங்கும், சாயமும் சற்றுப் போகும். புறப்படுவதற்கு முன்பே யன்னல், கட்டில், அலுமாரிக்குப் பக்கத்திலுள்ள வெறும் சுவர் ஆகியவற்றின் அளவை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரியாமல் பயணத்தில் வாங்கும் பொருள்களே வீடுகளை நிரப்புகின்றன என்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நினைவுப் பொருள்களுக்கு அந்த அறையில் ஒரே ஒரு தட்டை ஒதுக்கி, பயணத்தில் ஆளுக்கு ஒன்று என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமிக்குப் பனையோலைப் பெட்டி ஒன்று பிடித்திருந்தால், அவருடைய மருந்துகளை வைக்க அதுவே பயன்படும். முருகைக் கற்களை எவர் விற்றாலும் வாங்காதீர்கள், புறாத்தீவில் அவற்றின் மேல் கால் வைக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவருவது குற்றம். பயணத்தில் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பெரிதாக அச்சிடுங்கள், அதை யன்னல் சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள்.

திரும்பி வந்ததும், பெயின்ற் வாங்கப் போவதற்கு முன், அதே பொலித்தீன் சோதனையைப் புதிய பூச்சின் மேல் இன்னொரு முறை செய்யுங்கள். துளி கோத்தால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். உலர்ந்திருந்தால், புதிய சீமெந்தின் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றும், அதற்கு மேல் நீரில் கரையும், மணம் குறைந்த எமல்ஷன் இரண்டு பூச்சும் அடியுங்கள். ஒன்பதடி உயரமான உங்கள் அறையில் கதவும் யன்னலும் போகச் சுவர்ப் பரப்பு ஏறக்குறைய 355 சதுர அடி, அதாவது 33 சதுர மீற்றர். ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்குப் போதும் என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு 7 லீற்றர் வேண்டும். 4 லீற்றர் வாளிகள் இரண்டை ஒரே நேரத்தில் வாங்கி, பெரிய பாத்திரம் ஒன்றில் ஒன்றாகக் கலந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். என் வீட்டுச் சுவரில் விழுந்த கோடு உங்கள் சுவரில் விழாது. புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருவுக்குப் போனால் ஒரே நடையில் பல கடைகளின் விலையைக் கேட்டு ஒப்பிடலாம். நிறத்தை அட்டையில் பார்த்துத் தீர்மானிக்காமல், இரண்டடி அட்டை ஒன்றில் அடித்து, காலையிலும் பின்னேரம் நான்கு மணிக்கும் இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள். விளக்கும் முக்கியம்: கடைகளில் பெரும்பாலும் எடுத்துத் தருவது 6500 கெல்வின் வெண்ணிற மின்குமிழ், அதில் வெதுவெதுப்பான வெள்ளையும் மருத்துவமனைச் சுவராகிவிடும். மாமி படுக்கும் பக்கத்துக்கு மஞ்சள் கலந்த ஒளி தரும் 2700 அல்லது 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மட்டும் வெண்ணிற விளக்கு இருக்கட்டும்.

அடித்து முடித்த பிறகு மணம் முற்றாகப் போகும்வரை, குறைந்தது ஒரு கிழமையாவது, மாமி மண்டபத்திலேயே படுக்கட்டும். அவருடைய கட்டிலை யன்னல் சுவரில் சாய்த்துப் போடாமல், எதிர்ச்சுவரில் தலைமாடு வரும்படி போடுங்கள். பருவக்காற்றின் ஈரம் நேரே அவர் மேல் அடிக்காது. படுத்தபடியே, மருதமுனைத் திரையை விலக்கினால், அவருக்குக் கடலும் தெரியும்.